ஏழு சீட் எம்பிவியில் யாரை எங்கே உட்கார வைப்பது?

செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய ஏழு சீட் எம்பிவி ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறார். வீட்டில் ஆறு பேர்: அவர், மனைவி, எட்டு வயது மகன், மூன்று வயது மகள், அப்பா, அம்மா. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பினாங்கு போய் வர வேண்டும். கர்ப்பமாக இருக்கும் தங்கையும் சில சமயம் கூட வருவார். அம்மா குள்ளம், பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொள்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் முன் சீட்டை விட்டுக்கொடுக்க மாட்டார். நடு சீட்டு பெல்ட் கூரையிலிருந்து தொங்குகிறது, அதை எப்படி மாட்டுவது என்றே புரியவில்லையாம். யார் எங்கே உட்கார வேண்டும், பெல்ட் உடம்பில் எங்கே படிய வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி.

பட்டர்வொர்த்தில் சீட் வேலையும் குழந்தை இருக்கை மாட்டும் வேலையும் செய்கிறவன் நான். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் தம்பி, காரணம் அப்புறம். அம்மா முன்னால். அப்பா நடு வரிசையில் இடது ஓரம். மகள் நடு வரிசையில் உங்களுக்குப் பின்னால், ஐசோஃபிக்ஸ் இருக்கையில் (பெல்ட் இல்லாமல் வண்டியின் கம்பியிலேயே சொருகும் குழந்தை இருக்கை). நடு சீட் காலி. மனைவியும் மகனும் கடைசி வரிசை, மகனுக்கு பூஸ்டர், அதாவது பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை. தங்கை வரும் நாட்களில் அவரும் அம்மாவும் கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கட்டும். ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான், ஜாமும் கிடையாது.

நம் வீடுகளில் யார் எங்கே உட்காருவது என்பதை மரியாதைதான் முடிவு செய்கிறது. பெரியவர் முன்னால், மருமகள் பின்னால், பிள்ளைகள் யார் மடியிலாவது. பெல்ட்டுக்கு இந்த வரிசை தெரியாது. அது எந்த உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது, சீட் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குத் தப்பாகவும் படிகிறது. அதனால் பெல்ட்டைப் பார்த்துத்தான் ஆளை உட்கார வைக்க வேண்டும்.

மூன்று முனை பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனத்துக்காக நில்ஸ் போலின் என்ற பொறியாளர் கொண்டுவந்தார். அதன் கணக்கு எளிது: மோதல் வந்தால் உடம்பைப் பிடித்து நிறுத்தும் பாரம் எலும்பு மேல் விழ வேண்டும், சதை மேல் விழக் கூடாது. இடுப்புப் பட்டை தொடையைத் தொட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் மேடு தட்டுப்படும் இடத்துக்குக் கீழே தாழ்வாகப் படிய வேண்டும். தோள் பட்டை காறை எலும்பின் நடுவில் ஏறி, நெஞ்செலும்பைக் கடந்து குறுக்கே இறங்க வேண்டும். கழுத்தில் உரசவும் கூடாது, தோள் முனையில் தொங்கவும் கூடாது.

அம்மா செய்வது போலக் கக்கத்துக்குக் கீழே விட்டால் என்ன ஆகும்? தோள் பிடிப்பே இல்லாமல் போகிறது. மேல் உடம்பு முழுவதும் முன்னால் மடங்கும். அந்தப் பாரம் அத்தனையும் கீழ் விலா எலும்புகளில் இறங்கும். வயதானவர் விலா சீக்கிரம் முறியும். அதற்கு அடியிலேயே வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல். முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்வதும் இதே கதைதான். இடுப்புப் பட்டை மட்டும் பிடித்து, அதுவும் வயிற்றில் ஏறியிருந்தால், குடல் கிழிவதும் இடுப்புக்கு மேல் முதுகெலும்பு உடைவதும் சேர்ந்தே வரும். டாக்டர்கள் இதை சீட் பெல்ட் சிண்ட்ரோம் என்றே சொல்வார்கள். இதைக் கேட்டு, பெல்ட்டே ஆபத்து என்று சில பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். தப்பாகப் போட்ட பெல்ட்டால் வரும் காயம் அது.

அம்மாவை முன்னால் கொண்டுவரச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலான வண்டிகளில் முன் சீட்டுக்குப் பக்கத்துத் தூணில், பெல்ட் வெளியே வரும் வளையத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். பொத்தானை அழுத்திக்கொண்டு கீழே தள்ளுங்கள், ‘டக்’ என்று நிற்கும். குள்ளமானவருக்குக் கழுத்தில் ஏறுகிற பெல்ட் அந்த இரண்டு மூன்று அங்குலத்தில் தோளுக்கு இறங்கிவிடும். இப்படி ஒரு வசதி இருப்பதே வண்டி வைத்திருக்கும் பலருக்குத் தெரியாது. பின் வரிசைகளில் பெரும்பாலும் இது கிடையாது, வளையம் ஒரே இடத்தில் முடுக்கப்பட்டிருக்கும். இன்னொன்று, மோதிய நொடியில் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனரும், நெஞ்சில் பாரம் எல்லை தாண்டினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் லோட் லிமிட்டரும் முன் சீட்டில்தான் அதிகம் இருக்கும். எலும்பு தேய்ந்த வயதுக்கு அது பெரிய உதவி. முன் சீட்டை மட்டும் நன்றாகப் பின்னால் தள்ளிவிடுங்கள், ஏர்பேக்குக்கும் அம்மாவுக்கும் இடைவெளி வேண்டும்.

உங்கள் வண்டியில் அந்த வளையம் நகராத வகையாக இருந்தால், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, முதுகை நிமிர்த்திப் பார்த்து, பெல்ட் தோளில் விழும் இடத்தைத் தேடுங்கள். துணைப்பொருள் கடையில் விற்கும் கிளிப்பை மட்டும் வாங்காதீர்கள். தோள் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் சேர்த்துக் கவ்வுகிற சின்னத் துணி முக்கோணம் அது. கழுத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு இழுத்துவிடும். உட்காருகிற இடத்தில் தலையணை போட்டு உயர்த்துவதும் வேண்டாம். மெத்தென்ற தலையணை மோதலில் நசுங்கும், நசுங்கிய அளவுக்கு பெல்ட் தளரும், ஆள் அடியில் வழுக்கிப் போவார்.

இந்த வழுக்கிப் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எம்பிவியில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது, அப்பாவை நினைத்துத்தான் சொல்கிறேன்.

சாதாரண காரில் பின் சீட் அசையாது. எம்பிவியில் நடு வரிசை முன்னும் பின்னும் ஓடும், முதுகு சாயும், சில வண்டிகளில் காலுக்கும் பலகை வரும். சீட் இத்தனை ஆட்டம் ஆடும்போது, தோள் பெல்ட்டின் மேல் முனை மட்டும் தூணில் முடுக்கிய இடத்திலேயே நிற்கும். சீட்டைப் பின்னால் தள்ளி முதுகையும் சாய்த்தால், பெல்ட் நெஞ்சைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கையை உள்ளே விட்டால் தாராளமாகப் போகும். அந்த இடைவெளி மூடும்வரை உடம்பை எதுவும் பிடிக்காது. அதற்குள் இடுப்பு முன்னால் வழுக்கி இடுப்புப் பட்டைக்கு அடியில் நுழைந்துவிடும். பட்டை எலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். பெல்ட் போட்டிருந்தும் போடாதவருக்கு நேர்வது போன்ற காயம் இப்படித்தான் வருகிறது. மாறாக, கடைசி வரிசைக்கு இடம் விடுகிறேன் என்று நடு வரிசையை அடியோடு முன்னால் தள்ளினால், பெல்ட் தோளுக்கு ரொம்பப் பின்னாலிருந்து வந்து தோள் முனையில் நழுவும்.

தாப்பாவில் சாப்பிட்டுக் கிளம்பினால் அப்பாவுக்குத் தூக்கம் வரும். சீட்டைச் சாய்த்துவிட்டுப் படுப்பார். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துப் பக்கம் ஏற்றமும் இறக்கமும் வளைவுமாக வரும், லாரிகள் திணறிக்கொண்டு ஏறும், திடீர் பிரேக் அங்கே சகஜம். தூங்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? முதுகை நிமிர்த்தி வைத்து, கழுத்துக்கு மட்டும் ஒரு வளையத் தலையணை கொடுங்கள். அளவு சொல்ல வேண்டுமானால், பெல்ட் தோளையும் நெஞ்சையும் தொட்டபடி இருக்கும்வரை சாய்க்கலாம். தொடாமல் விலகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ‘கேப்டன் சீட்’ என்று விலை உயர்ந்த வண்டிகளில் வருகிற சிலவற்றில் பெல்ட் சீட்டோடு சேர்ந்தே இருக்கும். அவற்றில் தோள் பட்டை சீட்டோடு நகரும் என்பது உண்மைதான். ஆனால் காலை நீட்டி மல்லாக்கப் படுத்தால் அங்கேயும் இடுப்பு வழுக்கத்தான் செய்யும்.

முன் சீட் போனதற்கு அப்பாவை எப்படிச் சமாதானம் செய்வது என்று கேட்பீர்கள். முழங்காலைச் சொல்லுங்கள். நடு வரிசை இடது சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திக் காலுக்கு இடம் செய்துகொள்ளலாம், ஏறி இறங்குவதும் நடைபாதைப் பக்கம். பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இப்போது கூரை பெல்ட். அதன் நுனியில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பட்டையில் ஓடக்கூடிய இன்னொரு பெரிய நாக்கும் இருக்கும். சீட்டில் இரண்டு பக்கிள்களைத் தேடுங்கள். ஒன்று சின்னது, பெரும்பாலும் சிவப்புப் பொத்தான் இருக்காது. ஒரு சின்னத் துளை மட்டும் தெரியும். இன்னொன்று வழக்கமான சிவப்புப் பொத்தான் பக்கிள், பல வண்டிகளில் ‘சென்டர்’ என்று எழுதியிருக்கும். முதலில் சின்ன நாக்கைச் சின்ன பக்கிளில் குத்தி, இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. அப்புறம் பெரிய நாக்கை இடுப்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பெரிய பக்கிளில் போடுங்கள். அவ்வளவுதான். சின்னது எப்போதும் மாட்டியபடியே இருக்க வேண்டியது. சீட்டை மடக்கிச் சாமான் ஏற்றும்போது மட்டும், நாக்கு நுனியை அந்தத் துளையில் அழுத்தி விடுவிப்பார்கள். சைக்கிளோ மெத்தையோ ஏற்ற மடக்கியவர்கள் திரும்ப மாட்ட மறந்துவிடுவதுதான் சிக்கல். பிறகு அதில் உட்காருகிறவர் பெரிய நாக்கை மட்டும் போட்டுவிட்டு ‘கிளிக்’ சத்தத்தை நம்பி இருப்பார். ஆனால் பட்டையின் ஒரு முனை எதிலும் கட்டப்படவில்லை. மோதினால் அது நாக்கின் வழியே உருவிக்கொண்டு ஓடும், யாரையும் பிடிக்காது. பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள், இன்றைக்கே இதைப் பார்த்துவிடுங்கள்.

சில பழைய வண்டிகளில் நடு சீட்டுக்கு இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும், தோள் பட்டை கிடையாது. பூஸ்டரை அதில் வைக்கவே கூடாது, பூஸ்டருக்கு மூன்று முனை பெல்ட் கட்டாயம் வேண்டும். ஆறு பேருக்கு ஏழு சீட் இருக்கும்போது நடு சீட்டைக் காலியாக விடுவதே நல்லது என்பது என் கருத்து. பக்கிள்கள் பக்கம் பக்கமாக இருப்பதால் அப்பா தவறி நடு பக்கிளில் போட்டுக்கொள்கிற தொல்லையும் இருக்காது.

மகளை ஏன் வலப்பக்கம், உங்களுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன்? நடைபாதைப் பக்கம் இடதுதானே, குழந்தையை ஏற்ற அதுதானே வசதி என்று தோன்றும். இரண்டு பேர் பிள்ளையோடு போகும் வண்டியானால் நானும் இடது என்றுதான் சொல்வேன். ஆனால் பெரும்பாலான ஏழு சீட் வண்டிகளில் கடைசி வரிசைக்குப் போகும் வழி, நடு வரிசை இடது சீட்டை மடக்கித் தள்ளுவதுதான். அங்கே குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால் அந்த சீட் மடங்காது. பின்னால் இருக்கும் மனைவியும் மகனும் அவசரத்துக்கு வெளியே வர முடியாது. அதனால் மகள் வலப்பக்கம். ஹைவேயில் ஓரமாக நிற்க நேர்ந்தால் அவளை இடது கதவு வழியாகவே இறக்குங்கள், நடு சீட்தான் காலியாக இருக்கிறதே.

ஐசோஃபிக்ஸ் கம்பிகள் பெரும்பாலும் நடு வரிசையின் இரண்டு ஓரங்களில் மட்டும்தான் இருக்கும். சீட் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் தட்டுப்படும். இருக்கையைச் சொருகிய பிறகு மேல் பட்டை ஒன்று மிச்சம் இருக்கும், டாப் டெதர் என்பார்கள். அதை மாட்டாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது இல்லாவிட்டால் குழந்தையின் தலை அளவுக்கு மீறி முன்னால் போய்வரும். அதற்கான கொக்கி சீட்டின் பின்முதுகில் இருக்கலாம், தரையில் இருக்கலாம். சாமான் கட்டும் வளையத்தைக் கொக்கி என்று நினைத்து மாட்டிவிடாதீர்கள், வண்டிக் கையேட்டில் படம் இருக்கும். இருக்கைக்குக் கீழே ஊன்றுகால் இருந்தால், அது ஊன்றும் இடத்தில் தரையில் மூடிப்போட்ட பெட்டி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூடி உடைந்து உள்ளே இறங்கும், அந்த இடம் கூடாது. உள்பட்டைகளை இறுக்கிய பிறகு, தோள் பக்கம் பட்டையை இரண்டு விரலால் மடித்துக் கிள்ள முயலுங்கள். கிள்ள வந்தால் இன்னும் தளர்வு இருக்கிறது என்று அர்த்தம்.

‘அழுகிறாள், கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சு எப்படியும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 கிலோ குழந்தை, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், வண்டி பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது. அவளைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 200 கிலோ எடையைத் தாங்கும் பிடி வேண்டும். பெற்ற தாயானாலும் அந்தப் பலம் யார் கைக்கும் கிடையாது. அதுவும் இது ஊருக்குள் போகும் வேகம்தான். ஹைவேயின் 110க்கு வந்தால் மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. மடியில் வைத்து ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். பெரியவரின் உடம்பே பிள்ளையை பெல்ட்டோடு வைத்து நசுக்கும்.

மகனுக்கு எட்டு வயது, பெரிய பையன் ஆகிவிட்டான் என்பீர்கள். வயதைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 145 செ.மீ. வரும்வரை பெரியவர்கள் பெல்ட் பிள்ளைகளுக்குச் சரியாகப் படிவதில்லை. சோதிப்பது எளிது. பூஸ்டர் இல்லாமல் முதுகு முழுக்க சாயும்படி உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் சீட் விளிம்பில் மடங்கி விழ வேண்டும். இடுப்புப் பட்டை தொடையில் இருக்க வேண்டும், தோள் பட்டை காறை எலும்பில் இருக்க வேண்டும். பயணம் முழுக்க அப்படியே இருப்பானா என்பதும் முக்கியம். கால் மடங்காத பையன் முன்னால் சரிந்து உட்காருவான், சரிந்த உடனே பட்டை வயிற்றுக்கு வந்துவிடும். கடைசி வரிசை பெல்ட் விசித்திரமான கோணத்தில் வரும் என்பதால் முதுகு இல்லாத பூஸ்டரைவிட, தலைப் பக்கம் பெல்ட்டை நடத்திவிடும் கொக்கி உள்ள முதுகுப் பூஸ்டர் நல்லது. வாங்கும் முன் கடைசி வரிசையில் வைத்துப் பாருங்கள். மெத்தை குட்டையாக இருந்து பூஸ்டரின் பாதி வெளியே நின்றால் அது வேண்டாம்.

கடைசி வரிசையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே தலைக்கும் பின் கதவுக்கும் இடையே இடம் குறைவு, பின்னாலிருந்து யாராவது இடித்தால் நசுங்க வெளி இல்லை. மடக்கி வைக்கும்போது ஹெட்ரெஸ்ட்டைக் கீழே இறக்கியிருப்பார்கள், ஆள் உட்கார்ந்ததும் காது உயரத்துக்காவது அதை ஏற்ற வேண்டும். பெல்ட்டையும் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருப்பார்கள், அதிலிருந்து முழுதாக எடுத்தால்தான் சரியாகப் படியும். சாமானை சீட் முதுகின் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். கனமான பெட்டி தரையில், முதுகோடு ஒட்டி இருக்கட்டும். ஐந்து கிலோ அரிசி மூட்டையை மேலே தூக்கி வைத்தால், பிரேக் அடித்ததும் அது பையனின் பின்தலைக்குத்தான் வரும். பின்னால் இருப்பவர்கள் பெல்ட் போடாமல் இருந்தால் முன்னால் இருப்பவர் முதுகில் வந்து விழுவார்கள், அதில் இருவருக்குமே அடி.

தங்கை விஷயம். ஏழாவது ஆள் வந்தால் யாராவது அந்த நடு சீட்டுக்குப் போக வேண்டும், அதனால்தான் ரயிலைச் சொன்னேன். ஊருக்குள் ஏற்ற நேர்ந்தால் அப்பாவின் இடது ஓர சீட்டை அவருக்குக் கொடுங்கள், அப்பா சிறிது தூரம் நடுவில் சமாளிக்கட்டும். கர்ப்பிணிகள் பெல்ட் போட வேண்டாம் என்று பாட்டிமார் சொல்வது தவறு. இடுப்புப் பட்டை வயிற்று மேட்டுக்கு அடியில் தொடையோடு, தோள் பட்டை மார்பகங்களுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்று மேட்டின் மேல் மட்டும் எந்தப் பட்டையும் ஓடக் கூடாது.

கோயிலுக்குப் போகும்போது எல்லோரும் பட்டில் இருப்பார்கள், அதையும் சேர்த்துச் சொல்கிறேன். சேலைக் கொசுவம் தொப்புளுக்குக் கீழே தடித்த கட்டாக இருக்கும். பெல்ட்டை அதன் மேல் போட்டால் இறுக்கமாகத் தெரியும், ஆனால் நிற்பது வயிற்றில். முதலில் முதுகு ஒட்ட உட்கார்ந்து, இடுப்புப் பட்டையைக் கொசுவக் கட்டுக்குக் கீழே தொடையோடு அழுத்திவிட்டு, தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்துத் தளர்வை எடுக்க வேண்டும். பட்டு வழுக்கும் துணி, சற்றே சரிந்து உட்கார்ந்தாலும் உடம்பு தானாக முன்னால் இறங்கும். முந்தானையைத் தோளில் குத்திய ஊக்கு பெல்ட்டுக்கு நேர் கீழே வந்தால் கொஞ்சம் தள்ளிக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மடியில் எவர்சில்வர் தூக்கும் தாம்பாளமும் வேண்டாம், காலடியில் வையுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வரி. மலேசியாவில் முன் சீட்டுக்கு 1979இலிருந்து, பின் சீட்டுக்கு 2009 ஜனவரி 1இலிருந்து, குழந்தை இருக்கைக்கு 2020 ஜனவரி 1இலிருந்து கட்டாயம். பின் சீட் என்றால் கடைசி வரிசையும் சேர்த்துத்தான். சம்மனுக்குப் பயந்து, எச்சரிக்கை ஒலியை நிறுத்த வெறும் நாக்கை மட்டும் பக்கிளில் சொருகி வைப்பவர்களைப் பார்க்கிறேன். அந்த நாக்கு விற்கிறவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

பழைய வண்டி என்பதால் இன்னும் சில. முன்பு வைத்திருந்தவர் தோல் உறை போட்டிருந்தால், பக்கிள்கள் உறைக்கு அடியில் புதைந்திருக்க வாய்ப்பு அதிகம். எங்களிடம் வரும் வண்டிகளில் இது வாடிக்கை: ஏழு சீட்டில் நான்கு பக்கிள்தான் கண்ணுக்குத் தெரியும், மற்றவை உறையைக் கிழித்தால்தான் வெளியே வரும். சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்று சின்ன அட்டை தைத்திருந்தால், அந்தப் பக்கத்தை மூடித் தைத்த உறையைக் கழற்றிவிடுங்கள். ஏர்பேக் அந்தத் தையலைப் பிளந்துதான் வெளியே வர வேண்டும்.

ஒவ்வொரு பெல்ட்டையும் முழு நீளத்துக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். ஓரம் பிசிர் விட்டிருந்தாலோ, அலை அலையாக நெளிந்திருந்தாலோ, ஒரு இடத்தில் மட்டும் உருகியதுபோல் பளபளத்தாலோ மாற்ற வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும், விட்டால் சோம்பாமல் உள்ளே போக வேண்டும். மெதுவாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அழுக்குதான். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெளியே இழுத்தபடியே காய விடுங்கள். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் வேண்டாம், இழையைத் தின்றுவிடும்.

மாற்ற நேர்ந்தால், பழைய வண்டிகளை வெட்டி உதிரிப்பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். கதவும் பம்பரும் அங்கே வாங்கலாம், நானே வாங்குகிறேன். பெல்ட் வேறு. அந்த வண்டி ஏன் அங்கே வந்தது என்று தெரியாது, விபத்தில் ஒருமுறை பாரம் தாங்கிய பெல்ட் உள்ளே நீண்டிருக்கும், ப்ரீடென்ஷனர் ஏற்கனவே வெடித்திருக்கும், பார்த்தால் புதிது போலவே இருக்கும். சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் வண்டி நிறுவனத்தின் உதிரிப்பாகக் கடையில் ஆர்டர் கொடுங்கள். எந்த சீட், இடதா வலதா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள், ஒன்றுக்கு வருவது இன்னொன்றுக்குப் பொருந்தாது.